‘பழகிக்கோங்க’ என்றால் எப்படிப் பழகுவது?

(விருதுநகரில் செவித்திறன் பரிசோதகர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பேச ஆரம்பிக்கும் முன் ஒரு காரியம். மண்டபத்துக்காரரிடம் சொல்லி மின்விசிறிகளை ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். புழுங்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். சன்னல்களையும் சாத்திவிடலாம். யாரும் பேச வேண்டாம். உங்கள் காதுக்குள் என்ன கேட்கிறது என்று மட்டும் பாருங்கள்.

போதும், விசிறியைப் போட்டுவிடுங்கள். ‘ஙொய்’ என்றோ, சில்வண்டு மாதிரியோ, குக்கரில் ஆவி போகிற மாதிரியோ ஏதாவது கேட்டவர்கள் கை தூக்குங்கள். இத்தனை பேரா! கை தூக்கியவர்கள் யாரும் பயப்பட வேண்டாம். 1953-ல் அமெரிக்காவில் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், காது நன்றாகக் கேட்கிற 80 பேரை ஒலி புகாத அறையில் உட்கார வைத்தார்கள். அறைக்குள் ஒரு சத்தமும் கிடையாது. ஆனாலும் 94 சதவீதம் பேர் ஏதோ கேட்டதாகச் சொன்னார்கள். கேட்கும் உறுப்பு முழுசாக ஓய்வது இல்லை. வெளியே சத்தம் இல்லாதபோது உள்ளே இருப்பது தெரியவருகிறது, அவ்வளவுதான்.

இப்போது விசிறி ஓடுகிறது. உங்களில் பெரும்பாலோருக்கு அந்தச் சத்தம் அமுங்கியிருக்கும். அமுங்காதவர்கள் சிலர் இங்கே இருப்பீர்கள். விசிறி ஓடினாலும், பஸ்ஸில் போனாலும், பங்குனிப் பொங்கல் கொட்டுக்கு நடுவில் நின்றாலும் அந்தச் சத்தம் உங்கள் கூடவே வரும். நான் இன்று பேச வந்தது உங்களுக்காகத்தான். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2022-ல் வெளியான ஒரு கணக்குப்படி, பெரியவர்களில் 100-க்கு 14 பேர் காதிரைச்சலை உணர்கிறார்கள். 2 பேருக்கு அது கடுமையாக இருக்கிறது. தூக்கம் போய், வேலையில் கவனம் போய், கடைசியில் உயிர் மேலேயே வெறுப்பு வருகிற நிலைக்குப் போகிறவர்களும் அந்த 2 பேருக்குள் இருக்கிறார்கள்.

என் அப்பாவுக்கும் அது இருந்தது. சிவகாசியில் ஓர் அச்சாபீசில் இருபத்தாறு வருஷம் மெஷின்மேனாக இருந்தவர். காலண்டர் சீசன் வந்தால் இரவு ஷிப்ட்டும் சேர்ந்துகொள்ளும். அவருக்கு நாற்பது வயது தாண்டியபோது, தலையணைக்குப் பக்கத்தில் டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு தூங்க ஆரம்பித்தார். நிகழ்ச்சி முடிந்து நிலையம் மூடிய பிறகும் அது ‘ஷ்ஷ்’ என்று இரைந்துகொண்டே இருக்கும். பேட்டரி வீணாகிறதே என்று அம்மா எழுந்துபோய் அணைப்பார். அணைத்த மறு நிமிடம் அப்பா விழித்துக்கொள்வார். எங்களுக்கு அது ஒரு வேடிக்கை. பாட்டு ஓடும்போது எழுப்பினாலும் எழாத மனுஷன், இரைச்சல் நின்றதும் எப்படி எழுகிறார்? அவர் பாட்டுக்காக ரேடியோ வைக்கவில்லை, அந்த ‘ஷ்ஷ்’ஷுக்காகத்தான் வைத்தார் என்பது நான் இந்தப் படிப்பு படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. காதுக்குள் ஓடுகிற சத்தத்தை வெளியே ஒரு மெல்லிய சத்தத்தால் மங்கவைக்கிற வழியை யாரும் சொல்லித்தராமலே கண்டுபிடித்திருந்தார்.

ஒரு தடவை அவர் மருத்துவரிடமும் போனார். அங்கே கிடைத்த பதில்: “இதுக்கு மருந்து கிடையாது, பழகிக்கோங்க.” திரும்பி வந்து எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

அந்த வார்த்தையைத்தான் இன்றைக்குப் பிடித்துக்கொள்ளப் போகிறேன். ‘மருந்து கிடையாது’ என்பது உண்மைதான். காதிரைச்சலை நிறுத்தும் என்று நிரூபிக்கப்பட்ட மாத்திரை இன்றுவரை எதுவும் இல்லை. நம் ஊரில் சீட்டில் வழக்கமாக எழுதப்படும் பீட்டாஹிஸ்டின் மாத்திரையைக் காதிரைச்சலுக்காகக் கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2020 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டுதல் நேராகவே சொல்கிறது. ‘பழகிக்கோங்க’ என்பதும் உண்மைதான். பழகுவதுதான் இதற்குச் சிகிச்சை. ஆனால் எப்படிப் பழகுவது என்று சொல்லித்தராமல் பழகிக்கொள் என்று அனுப்பிவிடுவது, நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் இறக்கி நீந்திக்கோ என்று சொல்வது மாதிரிதான். தமிழில் பழகுவது என்றால் பயிற்சி எடுப்பது, ஓர் ஆளோடு பழகுவது என்று இரண்டு பொருளும் உண்டு. இந்தச் சத்தத்தோடு இரண்டு விதமாகவும் பழக வேண்டியிருக்கிறது.

உள்ளே நடப்பது என்ன என்று சுருக்கமாகச் சொல்கிறேன். உள்காதில் நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள் இருக்கிறது. அதற்குள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிரிழைச் செல்கள். ஒலி அதிர்வை நரம்புச் சைகையாக மாற்றுகிறவை அவைதான். பெருஞ்சத்தத்தில் அவை முறிகின்றன. மனுஷருக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. முதலில் சாவது பெரும்பாலும் கீச்சென்ற உயர்ந்த சுருதிகளுக்கான செல்கள். அதனால்தான் சத்தத்தில் வேலை பார்த்தவர்களின் கேள்வியின் அளவைக் காட்டும் ஆடியோகிராம் படத்தை எடுத்தால் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். “பேசுறது கேக்குது, என்ன பேசுறாங்கன்னுதான் புரியல” என்று சொல்வார்கள். அந்தச் சுருதியில் காதிலிருந்து தகவல் வருவது நின்றுபோனதும், மூளை சும்மா இருப்பதில்லை. வராத நிலையத்தைப் பிடிக்க ரேடியோவில் சத்தத்தை முழுசாகத் திருகி வைக்கிற மாதிரி தன் உணர்திறனை ஏற்றிவைக்கிறது. வெறும் நரம்பு அசைவே அப்போது சத்தமாகக் கேட்கிறது. சுசுருதர் கணக்கிட்ட 28 காது நோய்களில் கர்ணநாதம் என்று ஒன்று உண்டு. அவ்வளவு பழைய துன்பம் இது.

அந்தச் சத்தம் அதோடு நின்றால் பரவாயில்லை. போலந்தில் பிறந்த ஜாஸ்ட்ரெபாஃப் என்ற ஆய்வாளர் 1990-ல் ஒரு விளக்கம் சொன்னார். ஒரே அளவு சத்தம் ஒருவருக்குப் பொருட்டே இல்லை, இன்னொருவரைப் பைத்தியமாக்குகிறது. வித்தியாசம் காதில் இல்லை, அந்தச் சத்தத்துக்கு மூளை என்ன அர்த்தம் கொடுக்கிறது என்பதில் இருக்கிறது என்றார். விருதுநகர் ஜங்ஷன் பக்கத்தில் குடியிருப்பவர்கள் இங்கே இருக்கிறீர்களா? ராத்திரி எத்தனை ரயில் போகிறது என்று உங்களைக் கேட்டால் சொல்லத் தெரியாது. உங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளி கணக்குச் சொல்லிவிடுவார். அவர் காதில் விழுந்தது உங்கள் காதிலும் விழுந்தது. உங்கள் மூளை ‘இது ரயில், நமக்கு ஒன்றும் இல்லை’ என்று தள்ளிவிட்டது. காதிரைச்சலை ‘இது கட்டியாக இருக்குமோ, செவிடாகிவிடுவேனோ, தலை வெடித்துவிடுமோ’ என்று நினைத்தால் மூளை அதைத் தள்ளாது. காவல் போட்டு ராப்பகலாகக் கவனிக்கும்.

இனி நம் மாவட்டத்துக்கு வருகிறேன். வெளியூர்க்காரர்களிடம் சிவகாசியில் காது நோய் என்றால், “வெடி போடுற ஊராச்சே” என்பார்கள். உள்ளே போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பயராபீசு என்று நாம் சொல்கிற பட்டாசு ஆலை போல அமைதியான இடம் இல்லை. குழாய் உருட்டுவது, மருந்து அடைப்பது, திரி வைப்பது எல்லாமே சத்தமில்லாத வேலைகள். கரண்டி ஒன்று தரையில் விழுந்தாலே எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். நாடு முழுவதும் வெடிக்கிற பட்டாசில் பெரும்பங்கைச் செய்கிற கைகள், ஒரு வெடிகூட வெடித்துவிடக் கூடாது என்ற பயத்திலேயே நாள் முழுக்க வேலை பார்க்கின்றன. அங்கே காது கெடுவது தினசரி வேலையால் அல்ல. சோதனைக்கு வெடித்துப் பார்க்கிறவர்களுக்குக் கெடுகிறது. பிறகு, விபத்து.

2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி. 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம். பட்டாசு ஆலைகள் வெடித்த இந்தத் தேதிகளை இந்த மண்டபத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வெடிவிபத்தில் பிழைத்து வருகிறவரைத் தீக்காயத்துக்காகத்தான் முதலில் பார்க்கிறோம், அதுதான் முறையும். உயிர், பிறகு தோல், பிறகு கண். ஆனால் வெடிப்பின் அழுத்த அலை செவிப்பறையைக் கிழித்திருக்கும், உள்காதை உலுக்கியிருக்கும். ஆறு மாதம் கழித்து, கட்டெல்லாம் பிரித்த பிறகு, “ராத்திரி காதுல ஏதோ கத்திக்கிட்டே இருக்கு” என்று ஒருவர் சொன்னால், உயிர் பிழைத்ததே பெரிசு என்று வீட்டாரே வாயை அடைத்துவிடுகிறார்கள்.

தினசரிச் சத்தம் இருக்கிற இடங்கள் வேறு. ராஜபாளையம் மில்களின் ஸ்பின்னிங் பிரிவு, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறிகள், அருப்புக்கோட்டைத் தறிகள், சிவகாசி அச்சாபீசுகள். சட்டப்படி அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய தொழில்நோய்களில் சத்தத்தால் வரும் கேள்விக் குறைவும் ஒன்று. அதற்கு நஷ்டஈடு கேட்க வழி உண்டு என்பதே நம் தறிக்காரர்களில் பலருக்குத் தெரியாது. இதை ஊர் ஊராகச் சொல்ல வேண்டும்.

பட்டாசு வெடிக்கிறவர்கள் காதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1999 விதிப்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் உச்சச் சத்தம் 145 டெசிபலைத் தாண்டக் கூடாது. 4 மீட்டர் தூரத்தில் என்பதை மறந்துவிடாதீர்கள். தூரம் பாதியாகக் குறைந்தால் 6 டெசிபல் கூடும். 4 மீட்டரிலிருந்து 1 மீட்டருக்கு வந்தால் 12 கூடிவிடும். அப்போது 157. உலக சுகாதார நிறுவனம் திடீர்ச் சத்தத்துக்குப் பெரியவர்களுக்கு 140, குழந்தைகளுக்கு 120 என்று எல்லை வைத்திருக்கிறது. பற்றவைத்துவிட்டு ஓடாமல் பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்க்கிற பையனை நினைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பிழைப்பைக் குறை சொல்ல நான் வரவில்லை. என் உறவுக்காரர்கள் பாதிப் பேர் அந்தப் பிழைப்பில்தான் இருக்கிறார்கள். பிள்ளைகளைப் பத்து எட்டு தள்ளி நிறுத்துங்கள் என்று கேட்கிறேன்.

சரி, பழகுவதைச் சொல்லித்தர முடியுமா? முடியும். அதற்கு அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்று பெயர், சுருக்கமாக சி.பி.டி. காதிரைச்சலுக்கு இருக்கிற சிகிச்சைகளில் ஆதாரம் அதிகம் உள்ளது இதற்குத்தான். காக்ரேன் குழு 2020-ல் 28 ஆய்வுகளை, மொத்தம் 2,733 பேரை வைத்துப் பார்த்து, காதிரைச்சல் வாழ்க்கையைக் கெடுக்கிற அளவை இது குறைக்கக்கூடும் என்று சொன்னது. சத்தத்தைக் குறைக்கும் என்று சொல்லவில்லை, இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு தடவை பேச்சு, வீட்டில் பயிற்சி. சத்தம் கேட்டதும் என்ன நினைத்தோம் என்று எழுதிப் பார்ப்பது. அந்த நினைப்பு உண்மையா என்று விசாரிப்பது. கவனத்தைக் காதிலிருந்து உள்ளங்காலுக்கு, உள்ளங்காலிலிருந்து காதுக்கு என்று நகர்த்திப் பழகுவது. முழு அமைதியில் படுக்காமல் மெல்லிய சத்தம் ஒன்றைப் போட்டுவைப்பது. தூக்கம் வந்தாலும் வராவிட்டாலும் ஒரே நேரத்தில் எழுவது. சத்தத்துக்குப் பயந்து விட்டுவிட்ட கல்யாணம், கோயில், கடைத்தெரு எல்லாவற்றுக்கும் ஒவ்வொன்றாகத் திரும்பப் போவது.

இதைச் சொல்லித்தர ஆள் வேண்டும், ஆளிடம் போய்வர நாள் வேண்டும். சிவகாசியிலிருந்து நான் வேலை பார்க்கும் மதுரைக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேல். போய்க் காத்திருந்து திரும்பினால் ஒரு முழுநாள் கூலி போச்சு. எட்டு வாரத்துக்கு எட்டு நாள் கூலி. சனிக்கிழமை சம்பளத்தை நம்பி ஞாயிற்றுக்கிழமை அரிசி வாங்குகிற வீட்டில் அந்தக் கணக்கு மூன்றாவது வாரமே நின்றுவிடும். எனக்கு முன்னால் உட்கார்ந்து கண் கலங்கப் பேசிவிட்டுப் போனவர்கள் மூன்றாவது வாரத்தில் வராமல் போனதை நான் வருஷக்கணக்காகப் பார்த்தவள். அவர்களுக்கு அக்கறை இல்லை என்று ஒரு காலத்தில் நினைத்தேன். அது என் தவறு.

இணைய வழிச் சிகிச்சை இந்த இடத்தில்தான் நமக்குத் தேவைப்படுகிறது. ஸ்வீடனில் கெர்ஹார்ட் ஆண்டர்சன் என்ற உளவியலாளர் 2002-லேயே காதிரைச்சலுக்கான சி.பி.டி.யை இணையம் வழியாகக் கொடுத்துச் சோதித்துப் பார்த்தார். பலன் கிடைத்தது, பாதியில் விட்டுப்போனவர்களும் நிறைய இருந்தார்கள். நேரடிச் சிகிச்சையோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்த முக்கியமான ஆய்வு 2018-ல் வந்தது. எல்ட்ரே பியூக்ஸ் என்ற செவித்திறன் ஆய்வாளர் தலைமையில், ஆண்டர்சன், வினயா மஞ்சையா முதலியோர் சேர்ந்து, பிரிட்டனில் மூன்று மருத்துவமனைகளில் நடத்தியது. 92 பேரை இரண்டு பாதியாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு எட்டு வாரம் இணையத்தில் பாடம், ஒரு செவித்திறன் வல்லுநர் பின்னாலிருந்து வழிநடத்தினார். மறு பாதிக்கு வழக்கமான நேரடிச் சிகிச்சை, சராசரியாக இரண்டு மூன்று சந்திப்புகள். முடிவில், இணைய வழி நேரடிச் சிகிச்சைக்குக் குறைந்ததல்ல என்று தெரிந்தது. பிரிட்டனின் 2020 வழிகாட்டுதலில் உளவியல் உதவியின் முதல் படியாகவே டிஜிட்டல் வழிச் சி.பி.டி.யை வைத்தார்கள். அது போதாதவர்களுக்குக் குழு, அதற்கு மேல் தனிச் சந்திப்பு.

அந்த 2018 ஆய்வைப் படித்த அன்று நான் சந்தோஷப்பட்டேன். நிதானமாக மறுபடி படித்தபோது நமக்கு வேண்டிய மூன்று விஷயங்கள் கண்ணில் பட்டன. அவர்கள் ஒப்பிட்டது எட்டு வாரத்தை இரண்டு மூன்று சந்திப்புகளோடு. திரை ஜெயித்தது என்பதைவிட, தொடர்ந்து எட்டு வாரம் ஒரு கை பிடித்துக்கொண்டிருந்தது என்றுதான் நான் படிக்கிறேன். அடுத்தது, அதை நடத்தியது வெறும் ஆப் அல்ல. பதில் சொல்ல ஒரு ஆள் இருந்தார். மூன்றாவது, அவர்கள் காதிரைச்சலோடு ஒரு மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்கள். அவர்களுக்கு வாசல் திறந்திருந்தது. நம் ஊரில் ஒருத்தர் நேராக யூடியூபுக்குப் போகிறார்.

போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். சிவகாசியில் அட்டை டிசைன் செய்கிற ஒரு தம்பி, இருபத்தெட்டு வயது. ஒருநாள் காலையில் எழுந்தபோது இடது காது அடைத்த மாதிரி, கூடவே இரைச்சல். ஏதோ ஒரு ஆன்லைன் ஆலோசனையில் கேட்டிருக்கிறார். டென்ஷன்தான், தூங்குங்கள் என்று பதில் வந்தது. மழைச் சத்த ஆப் ஒன்றை இறக்கிக்கொண்டு இரண்டு மாதம் கேட்டிருக்கிறார். என்னிடம் வந்தபோது அந்தக் காதில் கேள்வி பெருமளவு போயிருந்தது. திடீர்க் கேள்வி இழப்பு. முதல் சில நாட்களுக்குள், தாமதமானாலும் இரண்டு வாரத்துக்குள் ஸ்டீராய்டு ஆரம்பித்திருந்தால் திரும்பும் வாய்ப்பு இருந்திருக்கும். “முன்னாடியே வந்திருந்தா சரியாகியிருக்குமாக்கா?” என்று கேட்டார். அவர் வலது காதுப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து கேட்டதை என்னால் மறக்க முடியவில்லை.

ஒரு பக்கம் மட்டும் இரைச்சல், நாடித்துடிப்போடு சேர்ந்து ‘டப் டப்’ என்று கேட்பது, திடீரென்று கேள்வி குறைவது, தலைசுற்றல், காதில் சீழ். இவற்றில் ஒன்று இருந்தாலும் போனில் பேசிப் பயன் இல்லை. காதை விளக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். செவிப்பறையில் ஓட்டையா, வெறும் அழுக்குக் கட்டியா, உள்ளே நரம்பில் கட்டியா என்பதைத் திரை சொல்லாது. காசநோய்க்கு அமிக்காசின் ஊசி போட்டுக்கொண்டவரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். காது கேட்கும் கருவி வைத்தாலே பலருக்கு இரைச்சல் தணிகிறது. அதைப் பொருத்துவது கைவேலை.

இன்னொரு சங்கடமும் உண்டு. காதிரைச்சல்காரர்களில் நிறையப் பேருக்குக் கேள்வியும் குறைவு. போனில் பேசினால் பாதி புரியாது. பிரிட்டனில் கொடுத்தது எழுத்துப் பாடம், படித்துக்கொள்ளலாம். படிக்கவும் வராமல், போனில் கேட்கவும் முடியாமல் இருக்கிற பெரியவருக்கு முன்னால் போய் உட்கார்ந்து, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிற மாதிரி மெதுவாகப் பேசுவதைவிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் இணையம் பயன்படுத்தியவர்கள் பாதியைத் தொடவில்லை. பயராபீசுக்குள் போனே கொண்டுபோகக் கூடாது, அது உயிர் விஷயம். சாயங்காலம் கம்பெனி வண்டியில் வீடு வந்தால் போன் பிள்ளை கையில் இருக்கும். ஒரே அறை வீட்டில் மாமியாரும் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருக்க, “எனக்குச் சாகலாம்போல இருக்கு” என்று ஒரு பெண் எப்படிச் சொல்வாள்?

அப்படிப்பட்ட ஓர் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். சாத்தூர்ப் பக்கத்துக் கிராமம், வயது நாற்பத்தைந்து இருக்கும். பக்கத்து ஷெட் வெடித்தபோது தப்பியவர். செவிப்பறை தானாக ஆறியிருந்தது, உயர்ந்த சுருதிகளில் கேள்வி குறைந்திருந்தது. “காதுக்குள்ள ரைஸ்மில்லு ஓடுது டாக்டரம்மா” என்றார். நான் டாக்டர் இல்லை அக்கா என்று எத்தனை தடவை சொன்னாலும் அவருக்கு நான் டாக்டரம்மாதான். முழுப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் பார்த்தோம், பயப்பட ஒன்றும் இல்லை. இரண்டு வாரம் வந்தார், மூன்றாவது வாரம் வரவில்லை. இந்தத் தடவை நான் விடவில்லை, போன் செய்தேன். மகளுடைய போன். ராத்திரி எட்டரைக்கு மேல், மொட்டை மாடியில் தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது என்று முடிவானது. வீடியோவில் என் முகம் தெரிந்தால் அவருக்குப் பேச்சு நன்றாகப் புரிந்தது. அந்தக் கிராமத்தில் சிக்னல் கிடைத்ததும் அந்த மாடியில்தான்.

தினமும் இரண்டு எண் சொல்லச் சொன்னேன். சத்தம் பத்துக்கு எத்தனை, கஷ்டம் பத்துக்கு எத்தனை. மகள் பழைய பள்ளிக்கூட நோட்டில் எழுதி, படம் எடுத்து அனுப்புவாள். முதல் வாரம்: சத்தம் 8, கஷ்டம் 9. நாலாவது வாரம்: சத்தம் 8, கஷ்டம் 7. ஓரத்தில் சின்ன எழுத்தில், ‘அம்மா இன்னைக்கு இருக்கன்குடி கோயிலுக்குப் போனாங்க’. ஏழாவது வாரம்: சத்தம் 8, கஷ்டம் 4.

“அக்கா, சத்தம் இன்னும் எட்டுதானா?” என்று கேட்டேன்.

“எட்டுதாம்மா. அது பாட்டுக்கு அங்கனதான் கெடக்கு. நேத்து அது இருக்குறதயே மறந்துட்டு உக்காந்து நாடகம் பாத்துட்டேன். முடிஞ்ச பெறகுதான் நெனப்பு வந்துச்சு.”

28 ஆய்வுகளில் படித்ததை எனக்கு ஒரு பள்ளிக்கூட நோட்டு காட்டித் தந்தது. எட்டு எட்டாகவே இருந்தது, ஒன்பதுதான் நாலானது. அவர் மதுரைக்கு எட்டுத் தடவை வந்திருக்க முடியாது. முதல் இரண்டு தடவை வராமல் இருந்திருந்தால், “ஸ்கேன்ல ஒண்ணும் இல்லக்கா” என்று நான் மாடியில் சொன்னதை நம்பியிருக்கவும் மாட்டார். தன் காதை ஒருத்தி விளக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள் என்பதால்தான் அந்தப் பேச்சு அவரிடம் எடுபட்டது.

ஆகவே இணையமா நேரடியா என்று பட்டிமன்றம் வைக்கிறவர்களிடம் எனக்கு வேலை இல்லை. எந்தக் காரியத்துக்கு எது என்பதுதான் என் கவலை. காதைப் பார்ப்பது நேரில். வாரா வாரம் பழகச் சொல்லித்தருவது போனில். இரண்டுக்கும் நடுவில், பக்கத்தில் உட்கார ஓர் ஆள். அந்த மகள் மாதிரி ஒருத்தி எல்லார் வீட்டிலும் இருப்பதில்லை.

இது நடக்காத காரியம் இல்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் கிராம மையங்களைப் பார்த்திருப்பீர்கள். பயிற்சி பெற்ற ஒரு பெண் அங்கே கண்ணைப் பரிசோதித்துப் படம் அனுப்புகிறாள், மருத்துவர் திரையில் வந்து நோயாளியோடு பேசுகிறார். கண்ணைத் தொடுவது பக்கத்துக் கை, முடிவெடுப்பது தூரத்து அறிவு. சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திராவின் செவித்திறன் துறையினர், கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்களைப் பழக்கி, குழந்தைகளின் கேள்வியைத் தொலைவிலிருந்தே சோதிக்கிற வேலையைச் செய்துகாட்டியிருக்கிறார்கள். பச்சைப் பிள்ளைக்குச் செய்ய முடிந்ததைப் பயராபீசு அக்காவுக்குச் செய்ய முடியாதா?

நமக்கு 2022 ஜனவரியிலிருந்து விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சிவகாசியில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. 2021-ல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரையோடு வீட்டு வாசலுக்கு வருகிற பெண் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் ஏற்கெனவே போன் இருக்கிறது. மாத்திரை கொடுக்கும்போது கூடவே ஒரு கேள்வி: “காதுல சத்தம் ஏதும் கேக்குதா, தூக்கம் வருதா?” ஆம் என்றால் ஒரு தடவை கல்லூரிக்கு அனுப்பிக் காதைப் பார்த்துவிட்டு, பிறகு எட்டு வாரம், வாரம் அரை மணி நேரம், அந்தத் தன்னார்வலர் பக்கத்தில் இருக்க, திரையில் ஒரு செவித்திறன் பரிசோதகர். பாடம் தமிழில், நம் ஊர்த் தமிழில். மன அமைதி என்று ஆரம்பித்தால் நம் ஆட்கள் எழுந்து போய்விடுவார்கள், ரைஸ்மில் என்று ஆரம்பித்தால் உட்காருவார்கள். மாவட்ட நிர்வாகத்திடம் இதை எழுத்தில் கேட்கப் போகிறேன். தறி சங்கம், அச்சக சங்கம், பட்டாசுத் தொழிலாளர் சங்கம் என்று இங்கே வந்திருக்கிறவர்கள் அந்த மனுவில் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரைக்கும், ராத்திரி ரெண்டு மணிக்குச் சத்தம் தாங்காமல் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு ஒரு எண்: 14416. டெலி மானஸ், மத்திய அரசு 2022 அக்டோபரில் ஆரம்பித்த மனநல உதவி எண். காசு கிடையாது, தமிழில் பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள். அவர்கள் காதைப் பார்க்க மாட்டார்கள். அந்த ராத்திரியைக் கடத்த உதவுவார்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்திருந்தால் காலைக்குக் காத்திருக்க வேண்டாம், அப்போதே கூப்பிடுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒன்று. “எனக்குக் கேக்கலையே” என்று சொல்லாதீர்கள். உங்களுக்குக் கேட்காது, அதுதான் இந்த நோய்.

என் அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. கடைசி வரை டிரான்சிஸ்டர் தலைமாட்டில் இருந்தது. அவருக்குப் பேட்டரி வாங்கிக் கொடுத்ததைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. அந்த வருத்தத்தில்தான் இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறேன்.

வாசல் பக்கத்து மேசையில் காது பார்க்கிற விளக்கு கொண்டுவந்திருக்கிறேன். என்னோடு வந்திருக்கிற இரண்டு பிள்ளைகளும் பயிற்சி பெற்றவர்கள், அவர்களும் பார்ப்பார்கள். கூட்டம் முடிந்ததும் வரிசையில் வாருங்கள். ஒரு காதில் மட்டும் சத்தம் கேட்கிறவர்கள், இந்த மாதம்தான் ஆரம்பித்தது என்கிறவர்கள், வயதைப் பார்க்காமல் முன்னால் வந்துவிடுங்கள். மற்றவர்கள் அவர்களுக்கு வழி விடுங்கள்.